தூரத்து ஆட்களுக்கு மட்டும் கடன்

எனக்கு ஐந்து நாடுகளில் கடன் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். சொன்னால் யாரும் நம்புவதில்லை. தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கும் டீக்கடைக் கவுண்டரில் நின்று, மலையேறி வரும் சுற்றுப்பயணிகளுக்கு டீயும் கேக்கும் விற்கிறவள் நான். வட்டிக்கு விட்டுப் பிழைத்த பரம்பரையெல்லாம் இல்லை, கொழுந்து பறித்துப் பிழைத்த பரம்பரை. ஆனாலும் உண்மை. கென்யாவில் ஒருத்தி, உகாண்டாவில் ஒருத்தி, பிலிப்பைன்ஸில் இருவர், கம்போடியாவில் ஒருத்தி, பராகுவேயில் ஒருத்தி. உலகப் படத்தில் பராகுவேயைக் காட்டு என்றால் இன்றைக்கும் என் விரல் தடுமாறும். அவளிடம் எத்தனை கோழி இருக்கிறது என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவேன்.

கோலாலம்பூரில் வேலை பார்க்கும் என் மகள்தான் இதைப் பழக்கிவிட்டாள். போனில் ஒரு தளம். ஏழை நாடுகளில் சின்னதாகத் தொழில் செய்கிறவர்கள், அதிகமும் பெண்கள், அதில் தங்கள் படத்தையும் கதையையும் போட்டிருப்பார்கள். இன்ன தொழில், இத்தனை பிள்ளைகள், இன்ன சாமான் வாங்க இவ்வளவு பணம் வேண்டும் என்று. ஊர் பேர் தெரியாத என்னைப் போன்றவர்கள் ஆளுக்கு இருபத்தைந்து டாலர் போடுவோம். நம் ரிங்கிட் காசில் நூறு வெள்ளி சொச்சம். அவள் மாதாமாதம் அடைப்பாள், நமக்குச் சிறுகச் சிறுகத் திரும்பி வரும். வட்டி கிடையாது. வந்த காசை எடுத்து இன்னொருத்திக்குக் கொடுக்கலாம்.

மதியம் இரண்டரைக்கு மேல் பஸ் கூட்டம் குறைந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன். காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கும் துரையின் தோரணை எனக்குத் தானாக வந்துவிடும். ரொம்பச் சிரித்தால் கழித்துவிடுவேன். அழப்போகிறவள் மாதிரி நின்றாலும் கழித்துவிடுவேன். கென்யாக்காரி தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று படம் எடுத்திருந்தாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் செடியெல்லாம் அவள் தோளுக்கு வளர்ந்து நிற்கிறது. கவ்வாத்து வெட்டாமல் இப்படிக் காடாக விட்டால் எங்கேயடி கொழுந்து வரும் என்று போனைப் பார்த்துத் திட்டினேன். பக்கத்தில் கேக் வெட்டிக்கொண்டிருந்த பெண் யாருடன் சண்டை என்று எட்டிப் பார்த்தாள். திட்டி முடித்துவிட்டு அவளுக்கு உரம் வாங்க இருபத்தைந்து டாலர் போட்டேன்.

இந்தப் பெண்கள் நன்றாக இருந்தால் எனக்கு மனதார சந்தோஷம். உகாண்டாக்காரி இரண்டாவது தையல் மெஷின் வாங்கிவிட்டாள் என்று செய்தி வந்த அன்று கவுண்டரில் வேலை செய்யும் எல்லோருக்கும் என் காசில் கேக் வாங்கிக் கொடுத்தேன். ஏன் சந்தோஷம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மெஷின் சத்தம் என் வீட்டுக்குக் கேட்காது. அவள் ஞாயிற்றுக்கிழமை புது உடுப்புப் போட்டுக்கொண்டு சர்ச்சில் எனக்கு முன் வரிசையில் வந்து உட்கார மாட்டாள். அவள் வாங்கும் வண்டி என் வாசலைக் கடந்து போகாது. பக்கத்தில் இருப்பவர்கள் முன்னுக்கு வந்தால்தான் எனக்கு ஆகாது. நான் பொறாமைக்காரி. ஐம்பதை நெருங்கும் வயதில் இதை மறைத்து வைத்து என்ன செய்யப் போகிறேன்.

அந்தப் பொறாமையில் பெரும் பங்கு என் தங்கைக்கு. மூன்று வயது இளையவள். கணக்குப்படி பார்த்தால் நான் அவள் மேல் பொறாமைப்பட ஒன்றும் இல்லை. நான் பள்ளிப் படிப்பை முடித்தேன், அவள் மூன்றாம் பாரத்தோடு நிறுத்திக்கொண்டாள். நான் தோட்டத்துச் சட்டை போட்டு நிழலில் நிற்கிறேன், அவள் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு பிரிஞ்சாங்குக்கு மேலே ஒரு ஸ்ட்ராபெரித் தோட்டத்தில் குனிந்தே கிடக்கிறாள். அவள் புருஷன் கோலா தெர்லாவில் காய்கறி லோரி ஓட்டுகிறான், அங்கேயே வாடகை வீடு. ஆனால் நான் சர்ச்சுக்குள் காலை வைத்தால் ஆளாளுக்குக் கேட்பது ஒன்றுதான், "தங்கச்சி வரலியா?" அவள் தனியாகப் போனால் அக்கா எங்கே என்று யாரும் கேட்டதாக அவள் சொன்னதில்லை.

எங்கள் அம்மா கடைசி எட்டு மாதம் என் வீட்டில்தான் இருந்தார். குளிப்பாட்டியது, துணி மாற்றியது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது எல்லாம் நான். தங்கை ஞாயிற்றுக்கிழமை ஒரு தூக்கில் ரசம் கொண்டு வருவாள். அம்மா இரண்டு கரண்டி குடித்துவிட்டுக் கண்ணை மூடி, "அவ கை லா, வேற யாருக்கு வரும்" என்பார். வாரம் முழுக்க என் கை பட்ட உடம்பு அது. அந்த ரசத்தின் மேல் எனக்கு இருந்த எரிச்சல் அம்மா போய் இத்தனை வருடம் ஆகியும் ஆறவில்லை.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். அதற்கு முந்தின வாரம்தான் நான் சர்ச்சில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் போனை எல்லோருக்கும் காட்டி, என் ஐந்து பெண்களையும் பற்றிச் சாட்சி சொல்லியிருந்தேன். போதகர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் பிரசங்கத்தில் வேறு சேர்த்துக்கொண்டார். நான் தரையில் கால் பாவாமல் திரிந்த வாரம் அது. தங்கை ஒரு சின்னக் கிண்ணத்தை மூடி எடுத்து வந்து மேசையில் வைத்தாள்.

"அக்கா, ஒரு விஷயம் லா. கியா பார்ம் சந்தையில ஒரு தவுக்கேம்மா அவங்க சொந்தக் கடையில பாதி மேசை வாடகைக்கு விடுறாங்க. எண்ணூறு வெள்ளி டெப்பாசிட். மாசக் கடைசிக்குள்ள குடுக்கணும். இல்லன்னா வேற ஆளுக்குப் போயிடும்."

"பாதி மேசையில என்னத்த விப்ப?"

"ஸ்ட்ராபெரி ஊறுகாய்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவளும் கூடச் சிரித்தாள், அவள் சுபாவம் அப்படி. கோணல் மாணலாக விளைந்த பழத்தை யாரும் வாங்குவதில்லை, தோட்டத்தில் கூடை கூடையாகக் கொட்டுகிறார்கள். அதை உப்பில் போட்டு, மிளகாய்த் தூள், கடுகு, நல்லெண்ணெய், கொஞ்சம் குலா மலாக்கா வெல்லம் சேர்த்துக் கிண்டிப் பார்த்திருக்கிறாள். கூட வேலை செய்கிற நேப்பாளிப் பையன்களிலிருந்து சூப்பர்வைசர் வரை எல்லோரும் சோற்றுக்குக் கேட்கிறார்களாம். கிண்ணத்தைத் திறந்து ஒரு ஸ்பூனை நீட்டினாள்.

"வேணாம், பல்லு கூசுது" என்றேன். பல்லுக்கு ஒன்றும் இல்லை. வாசனை எனக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. அதில் அம்மாவைக் கண் மூட வைத்த அதே கை இருந்தது.

"மாசம் நூறு நூறா அடைச்சிடுறேன்க்கா. நீ வெளிநாட்டுப் பொம்பளைங்களுக்குக் குடுக்கிறியே, அந்த மாதிரியே. எழுதிக் குடுக்கச் சொன்னாலும் குடுக்கிறேன்."

"அதுல போட்டத நெனச்ச நேரத்துக்கு எடுக்க முடியாதும்மா. இப்ப கையில காசு இல்ல."

முதல் வாக்கியம் உண்மை. இரண்டாவது பொய். வங்கியில் ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி சும்மா கிடந்தது. அவள் முகத்தில் ஒரு நிழலாவது விழும் என்று பார்த்தேன். "சரிக்கா, பரவால்ல" என்றாள். எழுந்து நாங்கள் டீ குடித்த கப்புகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். கப்பைக் கழுவாமல் போயிருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்று மாலையே போனை எடுத்தேன். பிலிப்பைன்ஸில் ஒருத்தி புதிதாக வந்திருந்தாள். கணவர் லோரி ஓட்டுகிறவர், இரண்டு பிள்ளைகள், சந்தையில் கடை போட இடத்துக்கு முன்பணம் வேண்டும் என்று எழுதியிருந்தது. என் தங்கையின் கதையேதான், ஊறுகாய்க்குப் பதில் கருவாடு. படிக்கும்போதே எனக்கு அது தெரிந்தது. தெரிந்துதான் வங்கியிலிருந்து எடுத்து அவளுக்கு நூறு வெள்ளி போட்டேன். நன்றி என்று திரையில் வந்தது.

அந்த மாதம் மூன்றாவது ஞாயிறு எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை வந்தது. அவரவர் விளைச்சலில், சமையலில், தையலில் ஒன்றைக் கொண்டு வந்து காணிக்கையாகப் படைப்பது வழக்கம். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் மண்டபத்தில் ஏலம் விடுவார்கள், வரும் காசு சர்ச்சுக்கு. மற்ற ஊர்க்காரர்கள் பார்த்தால் பைத்தியம் பிடித்துவிட்டதா என்பார்கள். ஒரு முட்டைகோஸ் அறுபது வெள்ளிக்குப் போகும். ஒரு முட்டையை நான்கு பேர் ஏலத்தில் எடுத்துத் திரும்பத் திரும்பக் காணிக்கையாக வைத்து அதையே ஐந்து தடவை விற்போம். விலை பொருளுக்கு இல்லை, ஏறுவதுதான் விளையாட்டு. யார் யாரோடு போட்டி போட்டார்கள் என்பதை மறு பண்டிகை வரை பேசுவார்கள்.

தங்கை மூன்று பாட்டில் ஊறுகாயைக் கொண்டு வந்து வைத்திருந்தாள். முள்ளங்கிக்கும் ஒரு சாக்லேட் கேக்குக்கும் நடுவே சிவப்பாக நின்றன. ஆராதனைக்கு முன்பு மண்டப வாசலில் என்னிடம் சொன்னாள், "மூணு வீட்டுக்குப் போனாப் போதும்க்கா. ருசி பாத்துட்டு யாராச்சும் ஆர்டர் குடுத்தா டெப்பாசிட்டுக்கு ஒரு வழி பொறக்கும்." இன்னும் பத்து நாள்தான் தவணை இருந்தது. என்னிடம் அவள் மறைக்கவே இல்லை. எனக்குள் என்ன ஓடுகிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாள்.

முதல் பாட்டிலை ஏலம் விடுகிறவர் தூக்கிப் பிடித்தார். சர்ச் செயலாளர்தான், வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் கத்துகிற வாத்தியார், குரலுக்குப் பஞ்சமில்லை. "ஸ்ட்ராபெரி ஊறுகாய்! கேட்டிருக்கீங்களா? நானும் கேட்டதில்ல லா! பத்து வெள்ளிலேர்ந்து ஆரம்பிப்போம்!"

கம்போங் ராஜாவில் மொத்தக் காய்கறி வியாபாரம் செய்கிறவரின் மனைவி கையைத் தூக்கினார். அந்த அம்மா ருசி பார்த்தால் தீர்ந்தது. அவர் வீட்டு லோரி ஈப்போ, கோலாலம்பூர் என்று எத்தனையோ கடைகளுக்குப் போகிறது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் என் தங்கை ஊறுகாய் மலையிறங்கிவிடும். அந்தப் பாட்டில் அவர் கைக்குப் போகக் கூடாது. எனக்கு அப்போது தோன்றியது அவ்வளவுதான்.

"இருபது" என்றேன்.

வியாபாரி மனைவி திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்து, "முப்பது" என்றார். அவருக்கு விளையாட்டு. நான் நாற்பது என்றேன். அவர் ஐம்பது. மண்டபம் சூடாகிவிட்டது. எழுபது, எண்பது, தொண்ணூறு. நூறு என்று நான் சொன்னதும் அவர் கையைக் கீழே விட்டார். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று செயலாளர் மேசையைத் தட்டினார். கைதட்டலில் எனக்கே கொஞ்சம் தலை கிறுகிறுத்தது.

இரண்டாவது பாட்டிலுக்கு வேறு இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். அது தொண்ணூறுக்கு என்னிடம் வந்தது. மூன்றாவதைத் தூக்கும்போது செயலாளர் போட்டார் பாருங்கள் ஒரு போடு, "சொந்த அக்காவே விட மாட்டேங்கிறாங்கன்னா, அப்ப இதுக்குள்ள என்னமோ இருக்கு லா!" அதன் பிறகு பிடிக்க முடியவில்லை. ஆண்கள் வரிசையிலிருந்து கை எழும்பியது. நான் நிறுத்தியிருக்கலாம். இரண்டு பாட்டிலை எடுத்துவிட்டு ஒன்றை விட்டுக்கொடுத்தால் அந்த ஒன்று போதும் அவளுக்கு. நூற்று அறுபதுக்கு எடுத்தேன். என் வாழ்க்கையில் யாரும் எனக்காக அப்படிக் கைதட்டியது கிடையாது.

பணம் கட்டுகிற மேசையில் பொருளாளர் உட்கார்ந்திருந்தார். ஏலம் எடுத்தவர்களுக்குச் சாமானைக் கட்டிக் கொடுக்க அவர் பக்கத்தில் நின்றது என் தங்கை. இதை நான் யோசிக்கவே இல்லை. மொத்தம் முந்நூற்று ஐம்பது வெள்ளி. போனை எடுத்து, மேசையில் ஒட்டியிருந்த கட்டத்தை ஸ்கேன் பண்ணி, எண்ணைத் தட்டினேன். பணம் போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமாக டிங் என்றது. கையில் காசு இல்லை என்று இரண்டு வாரத்துக்கு முன்னால் நான் சொன்னதைக் கேட்டவள் அந்த மண்டபத்தில் ஒருத்திதான், அவள் எனக்கு ஒரு கை தூரத்தில் நின்றாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபம் மாதிரி இல்லை. படித்த பக்கத்தை இன்னொரு தடவை படித்துப் பார்க்கிறவள் மாதிரி இருந்தது. மூன்று பாட்டிலையும் பழைய பேப்பரில் சுற்றினாள்.

"பை வேணுமாக்கா?"

"வேணாம்" என்றேன். கையில் அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நான் எதற்காக அப்படிச் செய்தேனோ அதற்கு நேர்மாறாக எல்லாம் நடந்தது. மூன்று பாட்டிலும் என்னிடம் வந்துவிட்டதால் யாருக்கும் ருசி தெரியவில்லை. ருசி தெரியாததால் எல்லோருக்கும் வேண்டும் என்றாகிவிட்டது. அக்காவும் வியாபாரி மனைவியும் அடித்துக்கொண்ட ஊறுகாய் என்று பேர் வந்துவிட்டது. அன்று மண்டபத்திலேயே வியாபாரி மனைவி தங்கையைக் கூப்பிட்டு இருபது பாட்டிலுக்கு முன்பணம் கையில் திணித்தாராம். அதைப் பார்த்து மற்றவர்கள் பத்து வெள்ளி, இருபது வெள்ளி என்று கொடுத்தார்கள். பாட்டில் எப்போது வருகிறதோ அப்போது வரட்டும் என்றார்களாம். ஊறுகாயை நாக்கில் வைத்துப் பார்க்காதவர்கள் முப்பது நாற்பது பேர், நான் ஏற்றிவிட்ட விலையை நம்பி அவளுக்குக் கடன் கொடுத்தார்கள். அந்த வாரமே டெப்பாசிட் கட்டிவிட்டாள்.

மறு ஞாயிறு போதகர் சகோதர சிநேகத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். தங்கையின் எளிய காணிக்கையை விலை உயர்ந்ததாக ஆக்கிய ஒரு சகோதரி நம் நடுவே இருக்கிறார் என்றார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என் காது சுட்டது. இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்த தங்கை மட்டும் திரும்பவில்லை.

அவள் வந்து கேட்பாள் என்று காத்திருந்தேன். பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். அது கர்த்தருக்குக் கொடுத்தது, அதையும் இதையும் சேர்த்துப் பேசாதே என்று சொல்ல வேண்டும். குளிக்கும்போது, டீ ஊற்றும்போது எல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்கவே இல்லை. பார்த்தால் சிரித்தாள், நலம் விசாரித்தாள், என் மகளுக்குச் சளி எப்படி இருக்கிறது என்றாள்.

வீட்டில் என் புருஷன் ஒரு பாட்டிலைத் திறந்துவிட்டார். சோற்றில் பிசைந்து நாலு வாய் சாப்பிட்டு, "உன் தங்கச்சி கையே கை லா" என்றார். நான் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன். அங்கே நின்றபடி நானும் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டேன். புளிப்பு முதலில், பிறகு காரம், கடைசியில் பழத்தின் வாசனை மட்டும் மூக்கில் நின்றது. மட்டமாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அந்த வாரம் மூன்று பாட்டிலும் காலி. பாதிக்கு மேல் நான்தான் தின்றேன்.

பிறகு ஒரு நாள் எண்ணூறு வெள்ளியை எடுத்து ஒரு கவரில் போட்டுக்கொண்டு கோலா தெர்லாவுக்குப் போனேன். நல்ல மனதோடு போனேன் என்று சொல்ல ஆசைதான். அவளுக்குக் கொடுத்தவர்கள் பட்டியலில் என் பெயர் இல்லாதது எனக்குப் பொறுக்கவில்லை, அதனால் போனேன். வீட்டு வாசலில் கழுவிக் கவிழ்த்த பாட்டில்கள் வரிசை வரிசையாக வெயிலில் காய்ந்தன. தங்கை கையில் மிளகாய்த் தூளோடு வந்தாள்.

கவரை நீட்டினேன். "இந்தா, அன்னிக்குக் கேட்டியே."

"வேணாங்க்கா, கட்டியாச்சு."

"இருக்கட்டும் லா, வேற எதுக்காச்சும் ஆவும்."

"இப்ப ஒண்ணும் தேவைப்படல. நீ உக்காரு, டீ கலக்குறேன்."

வற்புறுத்தினேன். இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள், கையெல்லாம் மிளகாய், வாங்க முடியாது என்பது போல. டீயைக் குடித்துவிட்டுக் கவரோடு திரும்பினேன். கீழே பஸ்ஸுக்கு நின்றபோது கவர் கைப்பைக்குள் கனத்தது. அந்த எண்ணூறை அப்புறம் நான் கூறுகூறாகப் போட்டுக் கம்போடியாக்காரி, பராகுவேக்காரி என்று அனுப்பிவிட்டேன்.

கடை திறந்ததிலிருந்து எனக்கு நரகம். சுற்றுப்பயணிகள் கியா பார்மில் இறங்கிவிட்டுத்தான் எங்கள் தோட்டத்துக்கு வருவார்கள். என் கவுண்டரில் டீ வாங்க நிற்பவர்கள் கையில் காய்கறி, சோளம், அதோடு அந்தச் சிவப்புப் பாட்டில். ஒரு சிங்கப்பூர் அம்மா ஸ்கோன் ரொட்டியைப் பிட்டு அதன் மேல் என் கண் முன்னாலேயே ஊறுகாயை வைத்துத் தின்றார். "இது இங்க எங்க கிடைக்கும், இன்னும் நாலு பாட்டில் வாங்கணும்" என்று இன்னொருவர் என்னைக் கேட்டார். தெரியாது என்று சொன்னேன். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் கல்லாவைத் திறந்து மூடினேன்.

மூன்று வாரம் மழை, காய்ச்சல், வேலை என்று சாக்குச் சொல்லிவிட்டு, நாலாவது சனிக்கிழமை போனேன். பிரிஞ்சாங்கிலிருந்தே வண்டிகள் ஊர்ந்தன. பாதி வழியில் இறங்கி நடந்தேன். தவுக்கேம்மாவின் மேசையில் ஒரு பாதி அவித்த சோளம், மறு பாதி என் தங்கை. சிவப்புத் தொப்பி போட்டிருந்தாள். ஒருவரிடம் மலாயில் பேசிக்கொண்டே இன்னொருவரிடம் அரைகுறைச் சீனத்தில் விலை சொன்னாள். எதிரே ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். நானும் போய் வரிசையில் நின்றேன். அக்கா, நீ எதுக்கு வரிசையில நிக்கிற, உள்ள வா என்று அவள் கூப்பிட வேண்டும், பத்துப் பேர் அதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அவள் என்னைப் பார்த்தாள். சிரித்தாள். கை நிறைய வேலை.

என் முறை வந்தது. "ஒரு பாட்டில் குடு" என்றேன். பன்னிரண்டு வெள்ளி என்று அட்டையில் எழுதியிருந்தது. இருபது வெள்ளி நோட்டை நீட்டினேன்.

எங்கள் குடும்பத்தில் காசு கொடுப்பது என்பது ஒரு குஸ்தி. நான் அவள் வீட்டுக்குப் போனால் பிள்ளை கையில் ஒரு நோட்டைத் திணிப்பேன். அவள் அதைப் பிடுங்கி என் பையில் போடுவாள். நான் சோபாவில் எறிந்துவிட்டு ஓடுவேன். அவள் செருப்புப் போடாமல் ரோடு வரை துரத்தி வருவாள். அக்காவிடம் தங்கை காசு வாங்குவது என்பது எங்களுக்குள் நடந்ததே கிடையாது. ஒருமுறை இந்த இழுபறியில் பத்து வெள்ளி நோட்டு இரண்டாகக் கிழிந்து, இரண்டு பேரும் ரோட்டில் நின்று சிரித்திருக்கிறோம். அதனால் நோட்டை இறுக்கிப் பிடித்திருந்தேன். அவள் தள்ளுவாள், நான் திரும்பத் தள்ள வேண்டும், அதற்குத் தயாராக ஒரு காலை முன்னால் வைத்து நின்றேன்.

அவள் நோட்டை வாங்கிக்கொண்டாள். பிஸ்கட் டின்னைத் திறந்து உள்ளே போட்டாள். ஓர் ஐந்து வெள்ளியும் மூன்று ஒற்றை வெள்ளியும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். பாட்டிலை ஒரு பையில் போட்டு என் பக்கம் நகர்த்தினாள்.

"எட்டு வெள்ளி மீதிக்கா. தேங்க்யூ."

கோபத்தில் வாங்கினாளா, கூட்டத்து அவசரத்தில் வாங்கினாளா, எனக்கு இன்றுவரை தெரியாது. குரலில் ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நின்று வாங்கிக்கொண்டிருப்பேன், அழுதிருந்தால் நானும் அழுதிருப்பேன். எனக்குப் பின்னால் நின்ற மலாய்க்காரப் பெண்ணிடம் அவள், "மாவ் பெராப்பா, காக்?" என்று எத்தனை வேண்டும் என விசாரித்தாள். அந்தப் பெண் ஓர் அடி முன்னால் வந்தாள். நான் ஒதுங்கி அவளுக்கு வழி விட்டேன்.